நாலாவது மடிப்பு

தன் கல்யாணத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று துப்பறிந்து சொல்லும்படி ஒரு பெண் எங்களிடம் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காணாமல் போன நாய், காணாமல் போன கணவர், அலமாரிக்குள்ளேயே இருந்துகொண்டு காணாமல் போன வைரத் தோடு என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம். எல்லாவற்றையும் அண்ணிதான் துப்பறிவாள். நான் கார் ஓட்டுவேன், பேசுவேன். பேச்சுக்குச் சம்பளம் கிடையாது என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்கு நாத்தனாரையும் சேர்த்து மேய்க்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி.

வந்த பெண் இன்ஜினியர். தூங்காத கண்கள், சீவாத தலை. கைப்பையிலிருந்து பஞ்சு வைத்த டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு தகடு. அதன்மேல் செம்பில் ஏதோ மெல்லிய பூவேலை.

அவளும் அவளுக்கு நிச்சயமான பையனும் சேர்ந்து சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறார்கள். பஸ் கம்பெனிகளில் தொலைந்துபோகும் பெட்டிகளைக் கண்டுபிடிப்பதற்கான பொத்தான் செய்கிறார்கள். பெட்டியில் பொத்தானை மாட்டிவிட்டால், பெட்டி எந்த மூலையில் கிடந்தாலும் அலுவலகத்தில் இருக்கும் கருவி கூவிக் காட்டிக்கொடுத்துவிடும். படம் வரைவதும் கணக்குப் போடுவதும் இவள் பொறுப்பு. பற்ற வைப்பதும் பூட்டுவதும் அவன் பொறுப்பு.

பொத்தானின் உயிர் அந்தச் செம்புப் பூவேலையில்தான் இருக்கிறதாம். சாதாரண ஆன்டெனா கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம் வேண்டும், பொத்தானுக்குள் அடங்காது. அதனால் ஒரு கோட்டை எடுத்து நடுவில் கூரை போல மடக்குகிறாள். இப்போது அதில் நாலு துண்டு. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் அதே மாதிரி ஒரு குட்டிக் கூரை. அந்தக் குட்டிக் கூரையின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னும் குட்டி. இப்படி நாலு சுற்று மடிப்பு. சின்ன இடத்துக்குள் நீளமான கோடு அடங்கிவிடுகிறது. இதற்கு ஃப்ராக்டல் ஆன்டெனா என்று பெயர்.

என் அண்ணன் வெளியூர் கிளம்பும்போது பெட்டி அடுக்குவதும் இதே முறைதான் என்று நான் சொன்னேன். அண்ணி மட்டும் சிரித்தாள்.

பட்டறையில் சோதித்தபோதெல்லாம் தெருக்கோடி வரை கூவிய ஆன்டெனா, நேற்று பஸ் கம்பெனியின் பெட்டிக் கிடங்கில் நாலு எட்டு தள்ளி வைத்ததும் ஊமையாகிவிட்டது. கிடங்கு மேற்பார்வையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே, சரிசெய்து எடுத்து வாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். இன்று காலை இவள் அதைப் பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணியிருக்கிறாள்.

"மூணு மடிப்புதான் இருக்கு மேடம். நான் வரைஞ்சது நாலு. இது என்னோட ஆன்டெனாவே இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க." டப்பாவை மூடினாள். "முந்தாநாள் அதைப் பொத்தானுக்குள்ள பூட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது அவன் ஒருத்தன்தான்."

அவன்தான் எடுத்து யாருக்கோ விற்றான் என்றால் கல்யாணம் கிடையாது. அவன் இல்லை என்றால், சந்தேகப்பட்டதற்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. எதுவானாலும் உண்மை வேண்டும் என்றாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

பட்டறை, சலவைக் கடையின் நீராவியில் வருஷம் பூராவும் இளஞ்சூடாக இருக்கும் இடம். மாடிப்படியிலேயே சோப்பு வாசனை. முன்னறையில் நீளமான மேசை, அதன் ஒரு கோடியில் ரேடியோ அலையை அனுப்பும் கனத்த பெட்டி. அதிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று மேசை ஓரமாகவே ஓடி, சுவரில் ஏறி, ஜன்னல் சட்டத்துக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிறகு ஜன்னல் விளிம்புக்கு இறங்கியது. அந்த முனையில்தான் சோதிக்க வேண்டிய ஆன்டெனாவை மாட்டுவார்கள். கேபிள் நெடுக டேப் ஒட்டியிருந்தது. மேலே ஒரு தாளில் சிவப்பு மையில், 'தொடாதே'.

மாப்பிள்ளைப் பையன் ஒல்லியாக இருந்தான். பற்றவைப்புக் கோலால் சுட்டுக்கொண்ட விரல் நுனிகள். அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சாவி எங்கே என்று அவரிடம் கேளுங்கள் என்றாள் அவள். ஆணியில் தொங்குவதாக அவர்களிடம் சொல்லுங்கள் என்றான் அவன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தபால் பட்டுவாடா செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் பழகி வரவேண்டிய கலை இவர்களுக்கு முன்கூட்டியே வந்துவிட்டது.

ஆன்டெனாவை மாற்றினாயா என்று அண்ணி நேராகக் கேட்டாள். இல்லை என்று நேராகச் சொன்னான். அதில் எத்தனை மடிப்பு இருக்கிறது என்று எப்போதாவது எண்ணியிருக்கிறாயா என்று கேட்டாள்.

"நான் எண்ணினதில்ல மேடம்."

சொன்ன கையோடு அவன் காது சிவந்தது. அவன் மேசைமேல் விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடி இருந்தது. தினமும் அதன் கீழே ஆன்டெனாக்களை வைத்துப் பூட்டுகிறவன் அதை எண்ணியதில்லையாம். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணியோ கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

இன்ஜினியர் பெண்ணுக்கு முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆரம்பத்தில் கேபிள் இஷ்டத்துக்குக் கிடந்ததாம். ஆன்டெனாவும் ஒரு நாள் போல ஒரு நாள் வேலை செய்யவில்லையாம். பலவிதமாகப் போட்டுப் பார்த்து, கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினால் மிகப் பிரமாதமாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்து, அப்படியே ஒட்டிவிட்டாளாம். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கும் இதே வியாதிதான், அதற்குத் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றேன்.

அண்ணி 'ம்' என்றாள். அவள் 'ம்' என்றால் எனக்குப் பசி வந்தாலும் சொல்லக் கூடாது.

தகட்டில் செம்பை அரித்துக் கொடுக்கும் பட்டறை அடுத்த தெருவில், ஓர் அச்சகத்துக்குப் பின்னால் இருந்தது. படம் இவளிடமிருந்து இங்கே வரும். செம்பு பூசிய தகட்டில் படம் பதிந்து, அமிலத் தொட்டியில் மூழ்கி, வேண்டாத செம்பெல்லாம் கரைந்து, வேண்டியது மட்டும் நிற்கும். அதை வாங்கி வருவது மாப்பிள்ளையின் வேலை. அரிப்புக்காரர் ரப்பர் ஏப்ரனும் பழுப்பேறிய விரல்களுமாக வந்தார். நாங்கள் காட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்ததுமே, தான் பெற்ற பிள்ளையைக் கண்டது போல முகம் மலர்ந்தது.

"இது நான் பண்ணினதுதாம்மா. இந்த ஓரத்துல தெரியுதே ஒரு கீறல், அது என்னோட இடுக்கி பண்ற வேலை. எல்லாத்துலயும் இருக்கும்."

நாலு மடிப்புக்குப் பதில் மூன்றுதானே இருக்கிறது என்று அண்ணி கேட்டாள். மனிதர் கதவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நாலாவது மடிப்பு தலைமுடியைவிட மெல்லிசு. அமிலத்தில் இறக்கினால் ஒன்று கரைந்து போகும், இல்லையென்றால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் தகட்டிலேயே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைத் தம்பியிடம் சொன்னாராம். தம்பி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மூன்றோடு நிறுத்திக்கொடுங்கள், அவளிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றதாம். அன்றிலிருந்து இந்தக் கதவைத் தாண்டிப் போனது எல்லாமே மூன்று மடிப்பு. நம்பிக்கை இல்லையென்றால் பாருங்கள் என்று ஓர் இழுப்பறையையே உருவி எங்கள் முன் வைத்தார். அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் மூன்று.

காரில் ஏறியதும் நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். யாரும் எதையும் மாற்றவில்லை, பையன் திருடன் இல்லை, பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளிகள்தான் நல்ல கணவர்கள், ஆதாரம் என் அண்ணன்.

"உங்க அண்ணனை அப்புறம் பாத்துக்கலாம். வாயாடி, ஒண்ணு யோசி. நாலு மடிப்பு இருந்தாத்தான் வேலை செய்யும்னு அந்தப் பொண்ணு கணக்குப் போட்டா. மூணுதான் இருந்துச்சு. ஆனா இத்தனை மாசமா நாலு இருக்கிற மாதிரியே தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்?"

ஒரு மடிப்பு மிச்சம் என்று அர்த்தம் என்றேன்.

"மடிப்பு வேலையே செய்யலன்னு அர்த்தம். கூவினது வேற ஏதோ."

பட்டறைக்குத் திரும்பினோம். அரிப்புக்காரர் சொன்னதைப் பற்றி அண்ணி மூச்சுவிடவில்லை. பையனிடம் கருவியைக் கொடுத்து, தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டு போனில் பேசச் சொன்னாள். என்ன கேட்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும், இங்கே என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. அவன் படியிறங்கியதும் இன்ஜினியர் பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். சந்தேகத்துக்குரிய ஆளையே அளவெடுக்க அனுப்பினால் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டானா என்று கேட்டாள்.

"என்ன மாட்டியிருக்கோம்னே தெரியாதவன் எதைப் பாத்துப் பொய் சொல்வான்?"

அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அண்ணி கேபிள் முனையில் ஒரு துண்டை மாட்டி அமுக்கினாள். அலை அனுப்பும் பெட்டியின் விசையைத் தட்டினேன். போன் ஒலிபெருக்கியில் பையன் குரல் வந்தது. நன்றாகக் கேட்கிறது, கருவியில் அஞ்சு கோடும் எரிகிறது. இன்ஜினியர் பெண் தலையாட்டினாள். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய துண்டு எப்போதும் அப்படித்தான் கூவுமாம்.

"திரும்பிப் பாருங்க. இது உங்க பழைய துண்டு இல்ல. நேத்து கிடங்குல ஊமையா இருந்துச்சே, அது."

அவள் வந்து பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். பொத்தானுக்குள் இருந்தபோது செத்துக் கிடந்தது, கேபிளில் மாட்டியதும் பாடுகிறது. நல்ல துண்டைத் திருடிவிட்டுப் போலியை வைத்திருந்தால் இது எங்கும் பாடக் கூடாது. அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள், அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் போய் அந்த 'தொடாதே' தாளைக் கிழித்து, டேப்பை உரித்து, கேபிளைக் கொக்கியிலிருந்து எடுத்து, கையில் கம்பளி நூல் போலச் சுருட்ட ஆரம்பித்தேன். வாழ்க்கையில் ரொம்ப நாளாகச் செய்ய ஆசைப்பட்ட மாதிரி ஒரு சுகம் அதில் இருந்தது.

மூன்று கோடு, என்றது போன். இப்போது இரண்டு. என்ன செய்கிறீர்கள், காற்றடிக்கிறதா?

"அக்கா, கேபிளைத் தொடாதீங்க. ஆன்டெனா கெட்டுடும்."

"ஆன்டெனாவை நான் தொடவே இல்லியே தங்கச்சி."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டாள். நான் கேபிளைப் பழையபடி கொக்கியில் சுற்றி இறக்கினேன்.

அண்ணி செம்புத் துண்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தன் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினாள். சாதாரணக் கொண்டை ஊசி. அதன் ஒரு காலைக் கேபிள் முனையின் நடுத் துளையில் செருகிவிட்டு, போனில் கேட்டாள்.

"இப்ப எப்படித் தம்பி?"

"நல்லாக் கேக்குது மேடம். நாலு கோடு. நடுவுல அஞ்சாவதும் எட்டிப் பாக்குது."

இன்ஜினியர் பெண் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். நாலு சுற்று மடிப்பு, அத்தனை மாதக் கணக்கு, எல்லாவற்றுக்கும் ஈடாக ஒரு கொண்டை ஊசி ஜன்னலோரம் நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. இத்தனை திறமையை வைத்துக்கொண்டு இது இவ்வளவு நாள் அண்ணியின் தலையில் சும்மா இருந்திருக்கிறதே என்றேன்.

அவளுக்கே எல்லாம் புரிந்துவிட்டது. அவளே சொல்ல ஆரம்பித்தாள், மெதுவாக, தனக்குத்தானே பாடம் சொல்வது போல. கேபிளின் வேலை அலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும். ஆனால் முனையில் இருப்பது இத்தனூண்டாக இருந்தால் அதற்கு உதைத்து நிற்க இடம் போதாது. அலை கேபிளின் மேல்தோல் வழியாகவே திரும்பி வழிந்து, கேபிள் முழுக்கக் கூவ ஆரம்பித்துவிடும். தெருக்கோடிக்குக் கேட்டது மடிப்புகளின் குரல் இல்லை. அறை நீளத்துக்கு ஓடும் கறுப்புக் கேபிளின் குரல். பொத்தானுக்குள் கேபிள் ஏது? அங்கே மாட்டியதும் ஆன்டெனா தன் சொந்தக் குரலில் பேசியிருக்கிறது. அந்தக் குரல் நாலு எட்டுக்குமேல் போகாது.

தண்ணீர்க் குழாய் எந்த ஆணியில் தொங்குகிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீர் கூடினால் குழாயில் ஓட்டை என்றுதானே அர்த்தம், அந்த டேப்பைப் பார்த்தபோதே அப்படித்தான் தோன்றியது என்றாள் அண்ணி.

"கூட்டவும் குறைக்கவும் கேபிளால முடியுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு மேடம். அதனாலதானே ஒட்டினேன்." நான் உரித்துப் போட்ட டேப்பைக் கையில் எடுத்தாள். "மாத்தினது யாருன்னு தேடச் சொன்னேனே. எதுவும் மாறவே இல்ல."

மடிப்பு விஷயத்தை அண்ணி அப்போதுதான் சொன்னாள். அரிப்புப் பட்டறை, கரையும் கோடு, அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்ன பையன். ஆறுதலாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவள் முகம் சிவந்தது. திருடினான் என்று நம்பியபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

நேரமாகியும் போனில் மறுபடி யாரும் கூப்பிடாததால் பையன் கருவியோடு மேலே வந்துவிட்டான். மூச்சு வாங்க வாசலில் நின்றவனை அவள் அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"நாலாவது மடிப்பு வராதுன்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் சலவைக் கடையின் நீராவியைப் பார்த்தோம்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அந்தப் படத்தை வரைஞ்சு முடிச்சன்னிக்கு நீ எனக்குக் காட்டினியே. அப்ப உன் முகம் இருந்த இருப்பு... சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். தினமும் நாளைக்குன்னே போயிடுச்சு. வேலை நல்லாத்தானே செய்யுதுன்னு விட்டுட்டேன்."

"நீ சொல்லியிருந்தா, மூணுலயும் எப்படி அதே மாதிரி கேக்குதுன்னு நான் அன்னிக்கே யோசிச்சிருப்பேன். இந்தக் கேபிளை அன்னிக்கே பிடிச்சிருப்பேன். என் முகம் வாடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து, நேத்து அந்தக் கிடங்கு ஆள் முன்னாடி என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்ட." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் மட்டும் என்ன ஒழுங்கு. கேபிள் அசைஞ்சா சத்தம் மாறினதைப் பாத்ததும் ஏன்னு கேக்காம டேப் போட்டு அமுக்கினவ. உன்னைத் திருடன்னு வேற நினைச்சேன்."

அவன் கருவியை மேசைமேல் வைத்தான். இப்படிப்பட்ட இடங்களில் நான்கூடப் பேசுவதில்லை.

"நீ திருடலன்னு தெரிஞ்சுடுச்சு. அது போதுமான்னு எனக்குத் தெரியல. நான் பண்றது தப்புன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். உன்னால முடியுமா?"

பழக்கம் இல்லை, ஆனால் பழகிக்கொள்கிறேன் என்றான் அவன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து இழுப்பறையிலிருந்து வெட்டுக்குறடையும் ஒரு சுருள் சாதாரணக் கம்பியையும் எடுத்தாள். பொத்தானைத் திறந்து, பூவேலைத் துண்டு இருந்த இடத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நேர்க்கம்பியைப் பற்றவைத்தாள். இன்னொரு கம்பியை எதிர்ப்பக்கம், உதைத்து நிற்பதற்கு. இரண்டையும் பெட்டியில் மாட்டும் துணிவாரின் தையலுக்குள் நுழைத்து நீட்டினாள். மடிப்பு ஒன்றுகூட இல்லை. வார் எப்படியும் அத்தனை நீளம் இருக்கத்தான் போகிறது. அதற்குள்ளேயே கம்பி ஓடினால் ஒரு பொத்தானுக்குள் எதற்காக மூச்சுத் திணறி அடங்க வேண்டும் என்று அண்ணி கேட்டாள். அதை முதலிலேயே யாரும் தன்னிடம் கேட்கவில்லையே என்று அவள் கொஞ்சம் கடுப்போடு சொன்னாள்.

பையன் சொல்லாமலே கருவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். இந்தத் தடவை கேபிள் இல்லை, கொக்கி இல்லை. ஒரு பழைய பெட்டியில் வாரை மாட்டி நடு அறையில் வைத்தோம். போன் மௌனமாக இருந்தது. நீளம் பொருந்தும்படி அவள் கம்பி நுனியைத் துளி வெட்டினாள். மௌனம். இன்னும் துளி வெட்டினாள்.

"கேக்குது." அவன் குரல் உயரவில்லை, ஆனால் தெருவில் ஓடுகிறான் என்று தெரிந்தது. "கோடியைத் தாண்டி, தபால் பெட்டி வரைக்கும் வந்துட்டேன். இங்கயும் அஞ்சு கோடு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா?"

பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேலை செய்யுது. ஆனா பாக்க நல்லா இல்ல. எலிவால் மாதிரி ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கு. வார்த் துணியை இன்னும் கொஞ்சம் அகலமா தைக்கணும்."

அவள் தோள் இறங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. அண்ணி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தாள். எனக்கோ போக மனமே இல்லை.

"அப்புறம்," என்றது போன், இன்னும் மெல்லிய குரலில், "கல்யாணத்துக்கு நீ எனக்கு எடுத்து வச்சிருக்கிற பச்சைக் கோட்டு. அதைப் போட்டா நான் தவளை மாதிரி இருக்கேன். அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன்."

அவள் குறடைக் கீழே வைத்தாள். போனைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கியை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டாள்.

"சரி, சீக்கிரம் மேல வா," என்றாள். "கடை மூடறதுக்குள்ள போய் மாத்திட்டு வந்துடலாம்."